கயிறு ஆலையில் என்ன காய்ச்சுகிறார்கள்?

2019 பிப்ரவரி நடுவில் ஒரு காலை. போர்ட்லண்டில் மகள் வீட்டில் இருந்தோம். பேரன் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தேன். மகள் கைபேசியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

“அப்பா, ஒரு விஷயம். சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். ஆனா சொல்லாம இருக்கவும் முடியல. பிரிட்ஜ்போர்ட்டை மூடப் போறாங்க. மார்ச் 10 கடைசி நாள். ஒரு தடவை போயிட்டு வரலாமா?”

வெந்நீரில் கையை வைத்தபடியே நின்றேன். அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து கேட்பேன் என்று நான் நினைக்கவே இல்லை. நாங்கள் அந்த ஊரை விட்டுக் கிளம்பியபோது அவளுக்கு எட்டு வயது. மறந்திருப்பாள் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். அடுத்தவர் மனத்தில் என்ன இருக்கிறது, அது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று நானாக முடிவு கட்டிவிடுகிற பழக்கம் எனக்கு வெகுகாலமாக உண்டு. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். 73 வயதில் இதைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது.

பிரிட்ஜ்போர்ட் என்பது ஒரு ப்ரூபப். பியரை அந்த இடத்திலேயே காய்ச்சி, அந்த இடத்திலேயே விற்கிற கடை. நம் ஊரில் மதுக்கடை என்றால் மனத்தில் எழுகிற காட்சி வேறு. இது அப்படி இல்லை. நீண்ட மரமேசைகள். தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் இருப்பார்கள், செய்தித்தாளை விரித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் இருப்பார். எங்கள் ஊர்ச் சந்தியில் பெஞ்சு போட்ட டீக்கடைக்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை என்றே எனக்குத் தோன்றும்.

நான் 1984இல் அங்கே போனேன். பீவர்டனில் ஓர் அளவைக் கருவிக் கம்பெனியில் வேலை. வடமேற்குப் பகுதியில், இருபத்தோராம் அவென்யூ அருகே ஒரு பழைய அடுக்குமாடியில் வீடு. உடன்குடியில் பிறந்து, செம்மண் தேரியில் வெயில் வாங்கி வளர்ந்த உடம்பு எனக்கு. போர்ட்லண்டில் நவம்பரில் தொடங்கும் தூறல் மாசி, பங்குனி வரை விடாது. சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். முதல் இரண்டு குளிர்காலமும் வேலை, வீடு, வேலை என்றே போயின. அலுவலகத்தில் எல்லோரும் மரியாதையாகப் பேசுவார்கள், ஐந்து மணிக்குக் காரில் ஏறிப் போய்விடுவார்கள். 1985இல் கல்யாணம் முடிந்து மனைவியும் வந்தாள். பேச ஆளில்லாத வீட்டில் இரண்டு பேர் ஆனோம்.

1986இல்தான் பிரிட்ஜ்போர்ட்காரர்கள் மக்கள் வந்து உட்காரும்படி கடையைத் திறந்தார்கள். என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். மார்ஷல் தெருவில் 1880களில் கட்டிய செங்கல் கட்டடம். கப்பல்களுக்குக் கயிறு திரித்த ஆலை அது. தடித்த மர உத்திரங்கள் அப்படியே இருந்தன. இன்று பேர்ல் என்று சொல்லி விலையுயர்ந்த வீடுகள் விற்கிற அந்தப் பகுதி அப்போது முழுக்கக் கோடவுன்கள். பக்கத்தில் பர்லிங்டன் நார்தர்ன் ரயில்வேயின் சரக்கு யார்டு. தலைக்கு மேலே பிராட்வே பாலத்துக்கு ஏறும் லவ்ஜாய் மேம்பாலம். அதன் தூண்களில், கிரேக்க நாட்டிலிருந்து வந்த ரயில்வே காவலாளி ஒருவர் 1940களின் கடைசியில் வரைந்த ஆந்தைகளும் மரங்களும் இருந்தன. இரவு ஆளில்லாத யார்டில் தனியாக நின்று அவர் அவற்றை வரைந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அந்த ஓவியங்கள்மேல் ஒரு தனிப் பிரியம்.

அலுவலக நண்பர் ஒருவர்தான் முதலில் கூட்டிக்கொண்டு போனார். பிறகு வியாழக்கிழமை தோறும் நானும் மனைவியும் போக ஆரம்பித்தோம். நான் ஒரு கிளாஸ் குடிப்பேன், ஒன்றோடு சரி. மனைவி பீட்சா சாப்பிடுவாள். அங்கே போனது குடிக்க அல்ல. நாலு மனிதக் குரல் கேட்க.

1987இல் மனைவி நிறைமாதம். அன்று உட்கார இடமே இல்லை. சுவரோரம் ஒரு நாற்காலியில், நகக்கண்ணெல்லாம் கிரீஸ் ஏறிய ஒரு பெரியவர் இருந்தார். ரயில் யார்டுக்காரர். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். நாற்காலியை இவள் பக்கம் நகர்த்தினார். உள்ளே போய் ஒரு டம்ளர் பால் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, தன் கிளாஸை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் பிறந்த பிறகு, எங்களைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு கையையும் தொட்டில்போல வைத்து ஆட்டிக் காட்டுவார். நலமா என்று அர்த்தம். அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. ஊரைவிட்டு வந்த பிறகுதான் அது உறைத்தது.

ஆரிகன் மாநிலத்தில் இந்த மாதிரிக் கடை வந்ததற்குப் பின்னால் ஒரு சட்டத்தின் கதை உண்டு. அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது 1920இல். ஆரிகன் அதற்கும் முன்னால், 1916லேயே கதவைச் சாத்திவிட்டது. 1933இல் விலக்கு நீங்கியது. ஆனாலும் காய்ச்சுகிறவர் தன் இடத்தில் வைத்துத் தானே விற்கக் கூடாது என்ற தடை மட்டும் பல்லாண்டு நின்றது. திராட்சைத் தோட்டக்காரருக்கு அந்தத் தடை இல்லை. டிக் பான்ஸி, நான்சி பான்ஸி என்ற தம்பதி திராட்சை மது செய்கிறவர்கள். 1984இல் அவர்கள் பியரும் காய்ச்சத் தொடங்கினார்கள். அதுதான் பிரிட்ஜ்போர்ட். தோட்டத்தில் தங்களுக்கு இருக்கிற உரிமை ஆலையில் ஏன் இல்லை என்று அவர்களும், அவர்களைப் போன்ற இன்னும் சில சிறு காய்ச்சுக்காரர்களும் சட்டமன்றத்துக்கு நடையாய் நடந்தார்கள். 1985இல் சட்டம் மாறியது.

அந்தச் சட்டமன்றம் இருக்கிற ஊரின் பெயர் சேலம். ஆரிகனின் தலைநகர். இந்தப் பெயர் பின்னால் வரும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காய்ச்சுகிற இடம் தெரியும். பார்லியை முளைகட்டி, உலர்த்தி, உடைத்து வெந்நீரில் ஊற வைப்பார்கள். தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறித் தண்ணீரில் இறங்கும். வடித்தால் தேன் நிறத்தில் இனிப்பான சாறு. அதைக் கொப்பரையில் கொதிக்க விட்டு, ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போடுவார்கள். கசப்பும் மணமும் அதிலிருந்து வருவது. பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால்தான் அது புளித்து மது ஆகும். அதுவரை அது வெறும் இனிப்புச் சாறுதான். பிரிட்ஜ்போர்ட்டில் பீட்சா மாவைப் பிசைய அந்தச் சாற்றைத்தான் சேர்ப்பார்கள். ஓரத்தில் லேசான இனிப்போடு பொன்னிறமாக வெந்திருக்கும். என் மகளுக்குப் பல் முளைத்த காலத்தில் அந்த ஓரத்தைத்தான் கடிக்கக் கொடுத்தோம்.

கொதிக்கிற நாளில் மார்ஷல் தெரு முழுக்க ஒரு வாசனை நிற்கும்.

1990இல் என் அப்பா வந்தார். அம்மா தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தனியாக இருக்கிறாரே என்று கட்டாயப்படுத்தி வரவழைத்தேன். மூன்று மாதம் இருந்தார். அப்பாவுக்கு உடன்குடியில் கருப்பட்டி மண்டி. பனையேறிகளுக்கு முன்பணம் கொடுத்து, பருவத்தில் கருப்பட்டி வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற தொழில். பங்குனியில் ஆரம்பித்து ஆடிவரை அவர் கால் வீட்டில் தரிக்காது. விடிலி விடிலியாகப் போவார். பதனி காய்ச்சுகிற ஓலைக் குடிசையை எங்கள் பக்கம் விடிலி என்போம். பதனி பாகாகி வருவதை வாசனையை வைத்தே சொல்லிவிடுவார். “இன்னும் அரை நாழி போனா முத்திரும், தீயைக் குறைம்மா” என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்வார். உள்ளே இருக்கிற பெண் சிரித்துக்கொண்டே விறகை இழுப்பாள்.

அந்த மனிதருக்கு நான் பிரிட்ஜ்போர்ட்டைக் காட்டவில்லை.

காரணம் சொல்கிறேன். என் அம்மாவின் தம்பி, எனக்கு மாமா, சாராயத்தால் செத்துப்போனவர். முப்பத்தெட்டு வயது. அவரைத் தெருவிலிருந்து பல இரவு தூக்கி வந்தவர் அப்பாதான். எங்கள் வீட்டில் ‘குடி’ என்ற சொல்லையே யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். மகன் வியாழக்கிழமை தோறும் மதுக்கடைக்குப் போகிறான், மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போகிறான் என்று தெரிந்தால் அவர் நெஞ்சு தாங்குமா? தாங்காது என்று நான் முடிவு செய்தேன். மனைவி சொன்னாள்: “மாமாவைக் கூட்டிட்டுப் போங்களேன். அவங்களுக்குத்தான் அதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்.” நான் கேட்கவில்லை. அந்த மூன்று மாதம் வியாழக்கிழமையையே நிறுத்திவிட்டேன். நண்பர்கள் போன் செய்தால் அப்பாவுக்குப் புரியாத வேகத்தில் ஆங்கிலத்தில் பேசி வைத்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை இருவரும் பவல்ஸ் புத்தகக் கடைக்கு நடந்து போனோம். பழைய புத்தகமும் புதியதும் கலந்து அடுக்கிய, ஒரு தெருச் சதுக்கத்தையே அடைத்து நிற்கும் கடை. அப்பா அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு மூன்றாம் தடவையும் கேட்டிருந்தார். மார்ஷல் தெருவைத் தவிர்த்துத்தான் எப்போதும் நடப்பேன். அன்று ஏதோ பேச்சு வாக்கில் திரும்பிவிட்டேன். அன்று பார்த்துக் கொப்பரை கொதிக்கிறது.

அப்பா நின்றார். மூக்கை உயர்த்தினார்.

“எய்யா, இங்க எங்கயோ விடிலி இருக்குல்லா?”

எனக்கு உடம்பு கூசியது. “இல்லப்பா. இது பழைய கயிறு ஆலை.”

அது பொய் இல்லை. அதனால்தான் அது இன்றுவரை என்னை விடவில்லை. முழுப் பொய் சொல்லியிருந்தால் எப்போதாவது ஒப்புக்கொண்டிருப்பேன். உண்மையில் ஒரு துண்டை வெட்டி எடுத்து மறைப்புக்கு வைத்தேன்.

“கயிறு ஆலையில என்னல காய்ச்சுதானுவ?” என்றார் அப்பா.

நான் புத்தகக் கடை மூடிவிடும் என்றேன். சனிக்கிழமை மத்தியானம், எந்தக் கடை மூடும்? அவர் சுவரைப் பார்த்தார். செங்கல்மேல் ஹாப்ஸ் கொடி ஏறியிருந்தது. இது என்ன கொடி என்று கேட்டார். தெரியாது என்றேன். ஒரு பூவைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி மோந்தார். “கசப்புச் சரக்கு” என்றார். வேறு எதுவும் கேட்காமல் என்கூட நடந்தார்.

இன்னொரு நாள் நெடுஞ்சாலையில் தெற்கே போகும்போது பலகையில் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு உற்சாகமானார். “இங்கயும் சேலமா!” 1937இல் ராஜாஜி முதன்முதலில் மதுவிலக்கு கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான், தெரியுமா என்று ஆரம்பித்தார். அது 1948இல் மாகாணம் முழுக்கப் பரவியது, 1971இல் எடுத்தது, 1974இல் திரும்பி வந்தது, பிறகு மறுபடி எடுத்தது, 1987 சனவரி முதல் தேதி கள்ளை மொத்தமாகத் தடுத்தது என்று வருடம் தவறாமல் சொன்னார். அவருக்கு அது வரலாறு இல்லை. தனக்குத் தெரிந்த குடும்பங்களின் கணக்கு. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதனி. தடவாமல் கட்டினால் சில மணி நேரத்தில் தானே நுரைத்துக் கள். “ஒரு விரல் சுண்ணாம்புலதான் இருக்கு எல்லாம்” என்றார். தடை வந்த பிறகு, பதனியே கட்டுகிறவனையும் பிடித்துக்கொண்டு போய் விசாரித்தார்களாம். எத்தனையோ பேர் பனையை விட்டுவிட்டுத் திருப்பூருக்கும் மும்பைக்கும் போய்விட்டார்களாம். “சாராயம் வேற, கள்ளு வேற, பதனி வேற. ஒன் மாமனைக் கொன்னது எதுன்னு எனக்குத் தெரியும். அதுக்காக மரத்து மேல கோவப்பட முடியுமா?”

இதைச் சொன்னவர்முன் நான் என்ன ஒளித்துக்கொண்டிருந்தேன்? இதே பெயருள்ள இந்தச் சேலத்தில்தான் ஐந்து வருடத்துக்கு முன் காய்ச்சுகிறவனே விற்கலாம் என்று சட்டம் வந்தது அப்பா, அந்தக் கடை நம் வீட்டுக்கு இருபது நிமிட நடையில் இருக்கிறது, அன்று நீங்கள் மோந்தது அதைத்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. காரின் வேகத்தைக் கூட்டினேன். சொல்லவில்லை.

அவரை அங்கே உட்கார வைத்திருக்கலாம். கண்ணாடி வழியாகக் கொப்பரையைக் காட்டியிருக்கலாம். காய்ச்சுகிறவரிடம் அவர் நூறு கேள்வி கேட்டிருப்பார். நான் மொழிபெயர்த்துக் களைத்திருப்பேன். ஒரு சொட்டு மதுகூடத் தொடாமல், அந்தப் பார்லிப் பதனியில் பிசைந்த ரொட்டியின் ஓரத்தைப் பேத்தியோடு பங்கு போட்டுத் தின்றிருப்பார். மூன்று மாதத்தில் நான் அவருக்குக் காட்டியது அருவி, எரிமலை, ரோஜாத் தோட்டம். எல்லாம் பார்த்தார், நல்லா இருக்கு என்றார். அவருடைய கைத்தொழிலுக்குப் பங்காளி முறையாக வேண்டிய ஒரு தொழில் அந்த ஊரில் இருந்தது. அதை மட்டும் காட்டாமல் அனுப்பினேன்.

பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்கிற அநியாயங்களில் இது ஒன்று என்று இப்போது நினைக்கிறேன். அவர்களுக்கு வயதாகிவிட்டது, பழைய ஆள், புரியாது, தாங்காது என்று அன்பின் பேரில் கதவை அடைக்கிறோம். அன்புதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அன்புக்குள் நம்முடைய கூச்சம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் காப்பாற்றியது அப்பாவின் நெஞ்சை அல்ல. அவர் கண்ணில் எனக்கிருந்த நல்ல பிள்ளை என்ற பெயரை.

ஊருக்குப் போய்ச் சேர்ந்து கடிதம் எழுதினார். மழை, மண்டி, அக்கா பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் எழுதிவிட்டு, கடைசி மடிப்பில் இடம் கிடைத்த இடத்தில் ஒரு வரி: அந்தக் கயிறு ஆலையில் இன்னும் காய்ச்சுகிறார்களா? பதில் கடிதத்தில் நான் எல்லாவற்றுக்கும் விவரம் எழுதினேன், அந்த ஒரு வரியைத் தவிர.

1994 தை மாதம் அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பாட்டுப் பந்தி ஓய்ந்த பிறகு, அக்கா முற்றத்தில் உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தாள். போகிற போக்கில் சொன்னாள்: “ஒன் ஊர்ல தானியத்துல பதனி எடுக்கிற எடம் ஒண்ணு இருக்காமே. அப்பா மண்டிக்கு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லுவாங்க. எம்மவன் காட்டக் கூச்சப்பட்டான், நானும் கேட்டுக்கிடல, ஆனா வாசனையில கண்டுபிடிச்சிட்டேன்னு சொல்லிச் சிரிப்பாங்க.”

நான் எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவர் என்னைக் காப்பாற்றியிருக்கிறார். அவர் ஒரு கேள்வி அழுத்திக் கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த வருடம் வேலை பெங்களூருக்கு மாறியது. கிளம்பினோம். பிரிட்ஜ்போர்ட்டை அதே 1995இல் டெக்சஸ்காரர்கள் வாங்கினார்கள் என்றும், மறுவருடம் வெளிவந்த அதன் ஐபிஏ என்கிற கசப்பு மிகுந்த பியர் பெரும்பெயர் வாங்கியது என்றும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மகள் படித்து முடித்து வேலைக்கென்று தான் பிறந்த ஊருக்கே திரும்பினாள். நாங்கள் இரண்டு முறை போய்வந்தோம். இரண்டு முறையும் மார்ஷல் தெருப் பக்கமே நான் போகவில்லை. கால்வலி என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது மகள் கேட்கிறாள், போகலாமா என்று. அவளும் என்னைப் போல நினைத்திருக்கலாம். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, பிரியமான இடம் மூடுகிறது என்று தெரிந்தால் மனம் உடைவார், ஊருக்குப் போகும்வரை மறைத்துவிடுவோம் என்று. அவள் அப்படிச் செய்யவில்லை. கஷ்டமாக இருக்கும் என்று முதலிலேயே சொல்லி, விஷயத்தையும் சொல்லி, முடிவை என் கையில் கொடுத்தாள். எனக்கு முப்பத்தொன்பது வயதில் தெரியாதது அவளுக்கு முப்பத்தொன்றில் தெரிந்திருந்தது.

பேரனை மனைவியிடம் விட்டுவிட்டு ஒரு சாயங்காலம் கிளம்பினோம். தெருவில் ஓடும் ட்ராமில் ஏறிப் போனோம். 2001இல் வந்த ட்ராம். நான் இருந்தபோது அது இல்லை. ரயில் யார்டு இருந்த இடமெல்லாம் கண்ணாடி அடுக்குமாடிகள். லவ்ஜாய் மேம்பாலத்தை 1999இலேயே இடித்துவிட்டார்கள். பர்ன்சைடு தெருவில் ஹென்றி வைன்ஹார்ட் காலத்துப் பெரிய பியர் ஆலை இருந்ததே, அந்தப் பக்கம் நடந்தாலே அவித்த தானிய வாசனை வருமே என்று கேட்டேன். அதுவும் 1999இல் மூடியாயிற்று. நல்ல நடைபாதை, அழகான செடிகள், சுத்தமான தெரு. எனக்கு ஒரு வீட்டைக்கூட அடையாளம் தெரியவில்லை.

கயிறு ஆலை மட்டும் அப்படியே நின்றது. நனைந்த செங்கல். கொடி குளிர்காலத்துக்குக் காய்ந்து கிடந்தது.

உள்ளே நல்ல கூட்டம். கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தவர்கள். என் வயதுக்காரர்கள் நிறையப் பேர். சுவரைத் தடவிப் பார்க்கிறார்கள், பேரப்பிள்ளைக்கு உத்திரத்தைக் காட்டுகிறார்கள். இடையில் எல்லாம் புதுப்பித்திருந்தார்கள். நான் உட்காரும் மேசை இருந்த இடம் எது என்று தெரியவில்லை. ரயில் யார்டுக்காரர் எழுந்து கொடுத்த நாற்காலி இருந்த சுவரோரம் மட்டும் தெரிந்தது. அங்கே வேறு யாரோ ஒரு இளம் தம்பதி இருந்தார்கள். இடமில்லாமல் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். அந்தப் பையன் என் கைத்தடியைப் பார்த்துவிட்டு எழுந்தான். வேண்டாம் என்றேன். அவன் கேட்கவில்லை.

உட்கார்ந்ததும் நான் முதலில் கவனித்தது வாசனை. இல்லை. பரிமாறுகிற பெண்ணிடம் கேட்டேன். காய்ச்சுவதைப் போன மாதமே நிறுத்திவிட்டார்கள், இருக்கிற சரக்கு தீரும்வரைதான் கடை என்றாள். முப்பத்தைந்து வருடம் எரிந்த அடுப்பு.

அப்பாவின் கேள்விக்கு இப்போது ஒரு பதில் என்னிடம் இருந்தது. இல்லை அப்பா, நிறுத்திவிட்டார்கள். எழுத முகவரிதான் இல்லை.

ஒரு சின்ன கிளாஸ் வாங்கினேன். குடித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமாவை, சனிக்கிழமையை, கயிறு ஆலை என்று நான் சொன்னதை, சேலத்தை, கடிதத்தின் கடைசி வரியை. அவளுக்குத் தாத்தா முகம் நிழலாகத்தான் நினைவு. தாத்தா சட்டைப்பையில் ஏதோ கசப்பாக மணத்தது என்று மட்டும் சொன்னாள். நான் அவளையே பார்த்தேன். கசக்கிய பூவை அவர் கீழே போட்டிருப்பார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

“விடிலின்னா எப்படி இருக்கும் அப்பா? அந்த வாசனை எப்படி?” என்றாள்.

அதெல்லாம் சொன்னால் புரியாதும்மா என்று வாய் திறந்துவிட்டேன். பாதியில் நிறுத்தினேன்.

“ஆனி மாசம் லீவு போட முடியுமா?” என்று கேட்டேன்.

வந்தாள். அந்த வருடமே, ஆறு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு. உடன்குடிப் பக்கம் இப்போது விடிலிகள் குறைவு. அப்பாவின் மண்டி இருந்த இடத்தில் கைபேசிக் கடை. தேரிக்காட்டை ஒட்டி, பனைகளுக்கு நடுவே ஒரு குடிசையில் புகை தெரிந்தது. அக்கா மகன் பைக்கை நிறுத்தினான். உள்ளே ஒரு அம்மா தனியாகத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தார். வரிசையாகச் சிரட்டைகள் தண்ணீரில் நனைந்து தயாராக இருந்தன. யார் எவர் என்று கேட்கவில்லை. ஓலையைக் கோட்டி, கொதித்துக் கெட்டியாகி வரும் கூப்பதனியை ஊற்றி நீட்டினார்.

மகள் அதை வாங்கவில்லை. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, அடுப்பருகே போய்க் குனிந்து ஆவியை மோந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

“அப்பா, இது எனக்குத் தெரியும்” என்றாள். “சின்ன வயசுல. நம்ம தெருவுல.”

அந்த அம்மா கிண்டுவதை நிறுத்தாமல் தலையை உயர்த்திப் பார்த்தார்.

“அமெரிக்காவுல பனை ஏது தாயி?”